ஓவியம் உலை வைக்குமா?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். அங்கே பிறந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. பாத்திக் துணி விற்ற பணம் அது. உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டி, சாயத்தில் முக்கி, உலர்த்தி, மெழுகை எடுத்துவிட்டு, மறுபடி மெழுகு, மறுபடி சாயம் என்று சென்னைக் கலைக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த துணிகள் கண்காட்சியில் விற்றுத் தீர்ந்தன. அந்தக் காசில்தான் 1966இல் கடலோர மணலில் ஏறத்தாழ 10 ஏக்கர் வாங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பெரிய ஓவியர் குடியிருப்பு மெழுகிலும் சாயத்திலும் எழும்பியது.

ஓவியத்தை நம்பி வாழ நினைக்கும் ஒவ்வோர் இளைஞரும், அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கும் ஒவ்வொரு பெற்றோரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். "என்ன தம்பி பண்றே?" என்று ஊரில் யாராவது கேட்கிறார்கள். "படம் வரையறேன்" என்கிறான். "அது சரிப்பா, வேலைக்கு எங்கே போறே?" என்று அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஓவியம் வரைவதால் மாதம் பிறந்தால் பணம் வரும் என்பதை அவர் எங்கும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சோழமண்டலத்தின் யோசனைக்குச் சொந்தக்காரர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையிலேயே நீர்வண்ண ஓவியத்தில் கைதேர்ந்திருந்தும், தந்தை இறந்த பிறகு குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். சென்னைக் கலைப் பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தது 1936இல். அப்போது வயது 25. பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். வயிற்றுக்கும் வண்ணத்துக்கும் நடுவே கிழிபட்ட ஒருவர், நூற்றுக்கணக்கான மாணவர்களின் எதிர்காலத்துக்குப் பொறுப்பேற்றார்.

ஆண்டுதோறும் படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தார். சிலர் பள்ளிக்கூடங்களில் டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். சிலர் ஜவுளி ஆலைகளில் டிசைன் போட்டார்கள். சிலர் விளம்பரக் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். பட்டயம் வாங்கிய ஐந்தாறு ஆண்டுகளில் தூரிகையைத் தொடாமலே போனவர்களும் உண்டு. அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை வாங்கி மாட்டுகிற வீடுகளும் குறைவு, விற்றுக் கொடுக்கிற கேலரிகளும் குறைவு. வாங்குகிற கை இருந்தது டெல்லியிலும் பம்பாயிலும்.

இந்த நிலையில் ஓர் ஆசிரியர் இரண்டு விதமாகப் பேசியிருக்கலாம். 'கலைக்காகப் பட்டினி கிடங்கள்' என்று மாணவர்களுக்கு வீரம் ஊட்டியிருக்கலாம். இல்லாவிட்டால், 'முதலில் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரையுங்கள்' என்று தேற்றியிருக்கலாம். பணிக்கர் இரண்டையும் சொல்லவில்லை. கைவேலைக்குச் சந்தை இருக்கிறது, உங்கள் கையில் தேர்ச்சியும் இருக்கிறது, ஆகவே நாளின் ஒரு பகுதியைக் கைவேலைக்குக் கொடுத்துவிட்டு மிச்ச நேரத்தைச் சொந்த ஓவியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்காகவே ஓவியர் கைவினைச் சங்கம் உருவானது. பாத்திக், தோல், உலோகம், சுடுமண் என்று பொருள்கள் செய்தார்கள். விற்பதையும் சங்கமே பார்த்துக்கொண்டது.

இந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. துணிக்குச் சாயம் தோய்ப்பது சென்னையில் எந்தச் சாயப்பட்டறையிலும் கிடைத்திருக்கக்கூடிய வேலைதான். ஆனால் பட்டறையில் முதலாளி நேரத்தை வைத்திருப்பார். எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன டிசைன் போட வேண்டும் என்பது அவர் வாயிலிருந்து வரும். சோழமண்டலத்தில் நேரம் ஓவியரிடமே இருந்தது. வருமானத்தில் பெரும்பகுதி அவருக்கே வந்தது. கடைசியில் நிலமும் அவர்களுடையதாயிற்று. ஆயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணில் கலைஞருக்குச் சோறு போட்டது அரசனும் கோயிலும் என்றால், 1966இல் சென்னைக்கு வெளியே ஒரு மணல்வெளியில் ஓவியர்கள் தங்களுக்குத் தாங்களே அரசனாக இருந்து பார்த்தார்கள்.

அந்த வாழ்க்கை சுகமாக இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. மணலும் உப்புக்காற்றும்தான் இருந்தன. கூரைக் கொட்டகையில் தொடங்கி, காசு சேரச் சேர அவரவர் வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது வாய்க்கவும் இல்லை. கனவுக் கோபுரங்களும் சிறகு முளைத்த உருவங்களுமாகத் தனி உலகத்தையே மைக்கோடுகளில் எழுப்பிய கே. ராமானுஜம் அங்கே வாழ்ந்தவர்தான். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்தில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கூடி வாழ்வதால் எல்லாத் தனிமையும் தீர்ந்துவிடாது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சோழமண்டலத்தின் கதை பாதிக் கதைதான்.

ஆனால் கைவேலை ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்தவர்களுக்கு அந்தக் கிராமமே பதில் சொன்னது. எஸ். நந்தகோபாலின் செம்பு, பித்தளைச் சிற்பங்களைப் பாருங்கள். தகட்டை வளைப்பதும் பற்றவைப்பதும் கம்பியால் அணி செய்வதும் கைவினைப் பட்டறையின் பாஷை. அதிலிருந்துதான் இந்தியச் சிற்பக்கலையில் தனி முகம் கொண்ட ஒரு மொழி பிறந்தது. எஸ்.ஜி. வாசுதேவ் கித்தானோடு நிற்காமல் செப்புத் தகட்டுப் புடைப்போவியங்களுக்கும், நெசவாளரோடு சேர்ந்து நெய்யும் பட்டுத் திரைகளுக்கும் போனார். விஸ்வநாதன் 1960களின் இறுதியில் பாரிஸுக்குப் போய் உலகப் பெயர் பெற்ற பிறகும் ஈஞ்சம்பாக்கத்தோடு உறவை விடவில்லை. வயிற்றுக்காகக் கற்றது கைக்குள் தங்கி, பிறகு கலைக்குள் வந்துவிடுகிறது. இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. மிச்ச நேரம் நிஜமாகவே மிஞ்ச வேண்டும்.

வாடகை என்ற ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆறடிக் கித்தானைச் சாய்த்து வைக்க ஒரு சுவர் வேண்டும். தள்ளி நின்று பார்க்கப் பத்தடி வேண்டும். டர்பன்டைன் வாடைக்குச் சண்டை போடாத பக்கத்து வீடு வேண்டும். சென்னையில் ஓர் இளம் ஓவியருக்கு மாதச் செலவில் முதல் இடம் வண்ணத்துக்கு அல்ல, இந்த இடத்துக்குத்தான். பணிக்கர் தன் மாணவர்களுக்குத் தேடிக்கொடுத்ததில் மிகப் பெரிய சொத்து வாடகை இல்லாத அந்த மண்தான் என்று நினைக்கிறேன். 1977இல் அவர் காலமானார். கிராமம் நிற்கிறது. பணிக்கரும் அவர் மாணவர்களும் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று 2009இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

வாரம்தோறும் ஒரு வாய்ப்பு

சோழமண்டலத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் ஓவியருக்கு மாதச் சம்பளம் கொடுத்த இடம் ஒன்று இருந்தது. பத்திரிகை. மணியம் இல்லாமல் 'பொன்னியின் செல்வ'னை நினைத்துப் பார்க்க முடியுமா? 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் அந்தத் தொடர் வந்தபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தது அவர் கை. இன்றும் தமிழர் மனத்தில் குந்தவையின் கொண்டை எப்படி இருக்கிறது என்றால், மணியம் போட்டபடி இருக்கிறது. 44 வயதிலேயே, 1968இல், அவர் போய்விட்டார். 'ஆனந்த விகடன்' சில்பியைக் கோயில் கோயிலாக அனுப்பி, சந்நிதியின் முன் உட்காரவைத்து, 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரையச் சொன்னது. ஒரு வார இதழ் ஓர் ஓவியரின் நேரத்தை இப்படி ஆண்டுக்கணக்கில் விலை கொடுத்து வாங்கி, அதை முழுக்க முழுக்கக் கலைக்கே திருப்பிக் கொடுத்தது பெரிய விஷயம். அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு ஓவியம் பக்கத்தை நிரப்பும் பண்டமாகத் தெரியவில்லை.

கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு விகடனில் பெயர் பெற்று, 1960களில் விளம்பரத் துறைக்குப் போனார். பிறகு சொந்தமாகவே விளம்பர நிறுவனம் நடத்தினார். சன் டிவியின் சின்னத்தை வடிவமைத்தவரும் அவரே. விளம்பரத்துக்குப் போனதால் கோபுலுவின் கோடு மங்கியதா? 2015இல் 90 வயதில் மறையும்வரை அந்தக் கோட்டில் நடுக்கம் தெரிந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொரு பக்கம் ஆதிமூலம். திருச்சி மாவட்டத்துக் கீழக்குறிச்சியில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டில் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் அவர் பெயரை நிலைநாட்டின. அவர் வீட்டு அடுப்பு எரிந்தது நெசவாளர் சேவை மையத்தின் சம்பளத்தில். 1950களில் புபுல் ஜெயகரின் முயற்சியில் மத்திய அரசு தொடங்கிய மையங்கள் இவை. கைத்தறிக்குப் புது டிசைன் உருவாக்க ஓவியர்களைப் பணியில் அமர்த்தினார்கள். பம்பாயில் கே.ஜி. சுப்ரமணியன், சென்னையில் ரெட்டப்ப நாயுடு என்று நாட்டின் முக்கியமான பல ஓவியர்கள் இந்த மையங்களில் சம்பளம் வாங்கியவர்கள். சேலைக் கரைக்கு ஓவியர் தேவைப்பட்டார். ஓவியருக்குச் சேலைக் கரை சோறு போட்டது. சுதந்திர இந்தியாவில் அரசாங்கம் ஓவியர்களுக்குச் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன். விருதும் பொன்னாடையும் இதன் பக்கத்தில் நிற்காது.

அதே ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நண்பர்களின் கவிதைத் தொகுப்புகளுக்கும் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தார். இதை முன்மாதிரியாகக் காட்டி இன்று பல நிறுவனங்கள் இளைஞர்களிடம் வருகின்றன. "பணம் பெரிசா இல்ல தம்பி, ஆனா நல்ல பேர் கிடைக்கும்" என்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. கவிதைத் தொகுப்பு போட்டவர் மனைவியின் வளையலை அடகு வைத்து அச்சுக்கூலி கொடுத்தவர். அவரிடம் காசு வாங்காதது நட்பு. காகிதத்துக்கும் அச்சுக்கும் வேனுக்கும் மண்டபத்துக்கும் பில் கட்டுகிற ஒரு நிறுவனம் ஓவியருக்கு மட்டும் 'பேர்' கொடுப்பது சுரண்டல். இளைஞர்கள் கூச்சப்படாமல் மறுக்க வேண்டும்.

லட்சம் வீட்டில் ஒரு படம்

ஓவியரின் வயிற்றைப் பற்றிப் பேசும்போது கோவில்பட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. கொண்டையராஜு 1898இல் பிறந்தார். சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாச்ரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சி கல்யாணமும் லட்சுமியும் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தென்னாட்டு வீடுகளுக்கெல்லாம் போயின. நம் பாட்டிமார் கண்ணை மூடினால் தெரிந்த தெய்வ முகம் பல வீடுகளில் கொண்டையராஜு எழுதிய முகம். பூஜை அறையில் குங்குமம் வைத்துக் கும்பிட்ட படத்தின் ஓரத்தில் இருந்த கையெழுத்தை எத்தனை பேர் படித்தோம்?

காலண்டர் தொழிலில் நடைமுறை இப்படி: அச்சகத்துக்கு ஓவியத்தைக் கொடுத்தால் ஒரு தொகை வரும். அதோடு சரி. அந்தப் படம் ஆயிரம் பிரதி ஓடினாலும் பல லட்சம் ஓடினாலும், அடுத்த ஆண்டு வேறு நிறத்தில் வந்தாலும், தீப்பெட்டியில் ஏறினாலும், ஓவியருக்கு மறுபடி காசு வராது. அவர் அடுத்த படத்தை வரைய உட்கார வேண்டும். கை ஓடும்வரைதான் வருமானம். கண் மங்கினால் அன்றோடு முடிந்தது. ஒரே ஓவியத்தை விதை நெல்லாக வைத்து மற்றவர்கள் போகம் போகமாக அறுவடை செய்ய, விதைத்தவருக்கு விதையின் விலை மட்டும் கிடைத்தது.

ராஜா ரவிவர்மா இந்தச் சிக்கலை முன்கூட்டியே உணர்ந்தவர். 1894இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். தன் படத்தின் அச்சுப் பிரதி தன் கையிலிருந்தே போக வேண்டும் என்பது அவர் ஆசை. கடனும் நஷ்டமும் சூழ்ந்து, சில ஆண்டுகளில் அதை ஜெர்மானியர் ஒருவருக்கு விற்க நேர்ந்தது. அச்சகம் அதற்குப் பிறகு நெடுங்காலம் ஓடியது. அரண்மனைகளின் ஆதரவு பெற்ற ஓவியருக்கே இந்தக் கதி என்றால், கோவில்பட்டியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

சினிமா பேனர் எழுதியவர்களுக்கு இந்த ஒரு தொகையும் நாள் கூலியாகத்தான் வந்தது. சிறிய ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பத்து மடங்கு இருபது மடங்கு பெரிதாகத் துணியில் இழுத்து, சாரத்தில் ஏறி நின்று முகம் எழுதுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் நிறப் பட்டைகள். சாலைக்கு எதிர்ப்புறம் வந்தால் சிவாஜி நிற்பார். 1957இல் 'வணங்காமுடி'க்குச் சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய 80 அடி கட்-அவுட்டைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். தூரத்தைக் கணக்கிட்டு நிறம் வைக்கும் அந்த அறிவு எந்தக் கலைக் கல்லூரிப் பாடத்திலும் இல்லை. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சில ஆண்டுகளிலேயே பேனர் பட்டறைகள் பூட்டின. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடையிலேயே உட்கார்ந்தவர்கள் உண்டு. தேர்தல் சுவரெழுத்துக்கும் கோயில் சுதைக்கு வர்ணம் பூசவும் போனவர்கள் உண்டு. எழுத்தின் பக்கம் வந்தவரும் உண்டு. பேனர் குடும்பத்திலிருந்து வந்த கோவை ஓவியர் ஜீவா சினிமாவைப் பற்றி எழுதிய 'திரைச்சீலை' தேசியத் திரைப்பட விருது பெற்றது.

இன்று ஒரு வரி தட்டச்சு செய்தால் அரை நிமிடத்தில் படம் கொடுக்கும் கணினிச் செயலிகள் வந்துவிட்டன. பத்திரிகைக் கதைக்கும் புத்தக அட்டைக்கும் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். பேனர்காரர்களுக்கு நடந்தபோது கலைக் கல்லூரிப் படிப்பாளிகள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தோம். இப்போது அலை நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

ஒரு மாதக் கணக்கு

சரி, படத்தை விற்றே வாழ முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். அதிகம் அறியப்படாத ஓர் இளம் ஓவியரின் ஓவியம் 30,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேலரியின் கமிஷன் பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போகும். 40 சதவீதம் என்றால் 12,000 போய்விட்டது. கித்தான், வண்ணம், பிரேம், ஏற்றி இறக்கிய வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து 5,500 என்று கொள்ளலாம். மிச்சம் 12,500. ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த படம் அது. மாதம் தவறாமல் ஒன்று விற்க வேண்டும். அப்படி விற்கிற பாக்கியம் மிகச் சிலருக்குத்தான்.

அந்த 12,500 ரூபாய் தமிழ்நாட்டில் வேறோர் இடத்திலும் வந்தது. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பிறகு சிறிது சிறிதாக உயர்ந்து 2024இல் 12,500 ஆயிற்று. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து உட்கார்ந்த போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு வண்ணம் குழைக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் இவர்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் முழுநேர ஆசிரியர் வேண்டும், ஓவியத்துக்கு அரைநேரம் போதும் என்று ஒரு சமூகம் முடிவெடுத்துவிட்டு, பிறகு நம் ஊரில் ஓவியத்தை வாங்க ஆளில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. சிறு வயதில் நல்ல ஓவிய ஆசிரியர் வாய்த்தவர்தான் நாற்பது வயதில் சுவருக்கு ஒரு படம் வாங்குகிறார்.

ஆகவே பெரும்பாலான ஓவியர்கள் பல கிளையில் கால் வைத்து நிற்கிறார்கள். காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள் பதிப்பகத்துக்கு அட்டைப் படம். சினிமாவில் ஸ்டோரிபோர்டு, கலை இயக்குநரிடம் உதவி. சினிமாவை மட்டமாக நினைக்க வேண்டாம். தோட்டா தரணியும் பி. கிருஷ்ணமூர்த்தியும் சென்னைக் கலைக் கல்லூரியின் பிள்ளைகள்தான். ஐந்து தேசிய விருது வாங்கிய கிருஷ்ணமூர்த்தியின் அரங்குகளில் ஓர் ஓவியரின் கண் எல்லா மூலையிலும் தெரியும். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் நடக்க நடக்க மணமக்களை வரைந்து கொடுப்பதும் இன்றைக்கு ஒரு தொழில். இதில் இழுக்கு எதுவும் இல்லை. நாமக்கல் கவிஞர்கூட இளமையில் உருவப்படம் வரைந்து குடும்பம் நடத்தியவர்தான்.

இந்தக் கதைகளில் பெயர் வராதவர்கள் இருக்கிறார்கள். ஓவியரின் 'போராட்ட காலம்' என்று நாம் புகழ்ந்து எழுதும் ஆண்டுகளில், பல வீடுகளில் அரிசி வாங்கியது பள்ளி ஆசிரியையாகவோ குமாஸ்தாவாகவோ வேலை பார்த்த மனைவியின் சம்பளம். ஓவியர் பெண்ணாக இருந்தால் இந்தத் தாங்கல் அவருக்கு வாய்ப்பது அரிது. சென்னையில் படித்த ஓவியர் டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தில் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளை, அடுப்பு, மாமியார், பிறகு கித்தான் என்ற வரிசையில் கித்தானுக்கு இடம் வருவதற்குள் பல பெண்கள் படிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். சோழமண்டலத்தில் அர்னவாஸும் அனிலா ஜேக்கப்பும் தங்கள் பெயரை நிலைநாட்டினார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய சாதனை என்பதை இப்படிப் பார்த்தால்தான் புரியும்.

காகிதத்தில் இருக்கும் உரிமை

பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை தீட்டிப் பிழைத்த ஓவியர் ஒருவர் 1954இல் 'கிராம யாத்திரை' என்ற ஓவியத்தை வரைந்தார். டெல்லிக்கு வந்திருந்த நார்வே நாட்டு மருத்துவர் ஒருவர் அதை அந்தக் காலத்து விலைக்கு வாங்கிப் போனார். பின்னர் ஓஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் அது ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. வரைந்தவர் எம்.எஃப். ஹுசைன். அவர் இறந்து ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பணம் மருத்துவர்களின் பயிற்சிக்குப் போகிறது, நல்ல காரியம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் மறுவிற்பனைக்கு ஓவியருக்குப் பங்கு கிடையாது என்பதால், விற்றவர் யாராக இருந்தாலும் ஓவியரின் குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் சேராது.

பிரான்ஸ் 1920லேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு கொடுத்தது. நம் நாட்டிலும் அது இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின்போது 53அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால், வரைந்தவருக்கோ அவர் வாரிசுக்கோ அந்த விலையில் 10 சதவீதத்துக்கு மிகாத ஒரு பங்கு கேட்க உரிமை உண்டு. 30 ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்த வரியைக் கலைக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

அதே சட்டத்தில் ஓவியருக்கு எதிராகவும் ஒரு வரி இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதால் வரையப்பட்ட ஓவியமோ உருவப்படமோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பதிப்புரிமை பணம் கொடுத்தவருக்கே போகும். 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற இந்தச் சொற்களில்தான் ஓவியரின் பிழைப்பு தொங்குகிறது. வாய்ப்பேச்சில் வேலை எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ஜிபேயில் பணம் வாங்குகிறவருக்குக் கையில் ஒப்பந்தம் ஏது? பத்திரிகையில் சம்பளத்துக்கு இருக்கும் ஓவியருக்குச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: வேறு ஏற்பாடு இல்லையென்றால், இதழில் வெளியிடும் உரிமை மட்டும் முதலாளிக்கு, மற்ற பயன்பாடுகளுக்கு ஓவியரே சொந்தக்காரர். தொடர்கதைக்கு வரைந்த படம் பிறகு புத்தகத்திலும் நாட்காட்டியிலும் டி-சர்ட்டிலும் வந்தபோது, இதைத் தெரிந்துகொண்டு கேட்ட ஓவியர் எத்தனை பேர்? நம் பத்திரிகைகள் இதைத் தாங்களாகவே முன்வந்து செய்திருக்க வேண்டும்.

படத்தை விற்ற பிறகும் அதன் மானம் ஓவியருடையது என்பதையும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது சட்டத்தின் 19ஆம் பிரிவு. எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே அட்டைப் படத்துக்கோ காலண்டருக்கோ சுவரோவியத்துக்கோ வேலை எடுக்கும்போது, தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பதிப்புரிமை என்னுடையது என்பது முதல் வரி. இந்த வேலைக்கு, இத்தனை ஆண்டுக்கு, இத்தனை பிரதிக்கு மட்டும் அனுமதி என்பது அடுத்தது. மூல ஓவியம் என்னிடமே திரும்பி வர வேண்டும், என் பெயர் அச்சில் வர வேண்டும், பாதித் தொகை முன்பணம். தமிழிலேயே எழுதலாம். வக்கீல் வேண்டியதில்லை. கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் அந்த வேலையை எடுக்காதீர்கள்.